நான்காவது லைனும் என் வாய்க்கொழுப்பும்

"டேய், செத்தடா நீ."

காலை பத்து மணிக்கு என் கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் வந்த வாக்கியம் இது. மிரட்டியது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. எழுதி வைத்தவன் நானேதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், வயிறு நிறைய ரொட்டி சானாய் தின்றுவிட்டு, பினாங்கிலேயே என்னைவிட வேடிக்கையான ஆள் கிடையாது என்ற நினைப்பில், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அந்த நிரலுக்குள் புதைத்து வைத்திருந்தேன். அது இரண்டு வருடம் பொறுமையாகக் காத்திருந்து, மிகச் சரியான நாளைத் தேர்ந்தெடுத்து வெளியே வந்திருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகம் இல்லை. ஜார்ஜ் டவுனில் வீடு. புக்கிட் தெங்காவில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி, கடற்காற்றில் தலைமுடி கலைந்து, அக்கரையில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவேன். மருத்துவமனைகளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் செய்யும் இடம் அது. ஆறு லைன்கள். ஒவ்வொரு லைனிலும் கால் மணிக்கு ஒரு முறை குழாயின் தடிமனை அளந்து பதிவு செய்வார்கள். மாதக் கடைசியில் அந்த எண்களையெல்லாம் என் நிரல் விழுங்கி, எந்த லைன் நிதானமாக ஓடுகிறது, எந்த லைன் தள்ளாடுகிறது என்று ஒரு பக்க அறிக்கை கக்கும். எண்கள் எவ்வளவு அலைபாய்கின்றன என்பதற்குச் சிதறல் என்று பெயர். சிதறல் அதிகமானால் லைன் மோசம். இவ்வளவுதான் என் புள்ளியியல். இதற்குத்தான் அம்மா ஊரெல்லாம் "என் பிள்ளை டேட்டா சைன்ஸ்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நிரல் எழுதுகிறவர்கள் நடுநடுவே சோதனைகள் வைப்பார்கள். அசர்ஷன் என்பார்கள். நான் அதை ஜாகா என்பேன். எங்கள் தொழிற்சாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியைப் போல. "இங்கே வரும் எண்கள் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்" என்று சொல்லி ஒரு ஜாகாவை உட்கார வைத்தால், தவறான எண் வந்ததும் அவன் எழுந்து வழியை மறித்து, நாம் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தைத் திரையில் காட்டுவான். நல்லவர்கள் அந்த இடத்தில் எந்தக் கோப்பில், எந்த வரியில், என்ன கோளாறு என்று எழுதி வைப்பார்கள். நான் "டேய், செத்தடா நீ" என்று எழுதி வைத்தேன். நானே எழுதுகிறேன், நானே படிக்கப் போகிறேன், எனக்கு எதற்கு விளக்கம் என்று எண்ணம்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுத் தேடியிருப்பேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மீட்டிங். ஆறு லைன்களில் ஒன்றை மூடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. எதை மூடுவது என்பதை என் அறிக்கை சொல்ல வேண்டும். அதுவும் ஐந்து மாதமாக விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது: நான்காவது லைன், நான்காவது லைன். ஆறாவது மாதமும் அதே பதில் வந்தால் கதை முடிந்தது. அந்த லைன் பழைய மெஷின். மற்ற ஐந்திலும் அளவுக் கருவி தானே அளந்து தானே பதிவு செய்துகொள்ளும். நான்காவதில் மட்டும் பெண்கள் கையில் கேஜ் வைத்து அளந்து, டேப்லெட்டில் அடிப்பார்கள். லைனை மூடினால் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள்.

அந்த லைனின் லீடர் ஒரு அக்கா. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் கேலி செய்வதில் என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார். வாரத்தில் ஒரு நாளாவது எனக்கும் சேர்த்துக் கறிபாப் வாங்கி வருவார். அவர் வாங்கித் தந்த கறிபாப்பைத் தின்றபடியேதான் ஐந்து மாதமும் அவருடைய லைனைக் கடைசியில் போட்டு அறிக்கை அனுப்பினேன். எண் சொல்வதை நான் என்ன செய்வது என்று தின்றேன்.

சரி, பத்து மணி. ஜாகா மறித்துவிட்டான். எந்த லைனில் என்று சொல்லவில்லை. எந்த நாள் என்று சொல்லவில்லை. செத்தாய் என்று மட்டும் சொல்கிறான். முதல் லைனிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு லைனாக எண்ணிக்கையை, எல்லையை, தேதியைச் சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் சுத்தம். பதினொன்றரை ஆகிவிட்டது. அதற்குள் மேனேஜரிடமிருந்து அறிக்கை எங்கே என்று இரண்டு மெசேஜ். அவர் சீனர், நல்ல மனிதர், ஆனால் மெசேஜில் கேள்விக்குறி மூன்று போட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டாவதில் மூன்று போட்டிருந்தார்.

அவசரத்தில் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு நான் சாட்சி. அந்தச் சோதனை வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டேன். அந்தக் குறி போட்டால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அதாவது, ஜாகாவை நாற்காலியோடு தூக்கிச் சாலை ஓரத்தில் வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டேன்.

நிரல் வெண்ணெய் போல ஓடியது. அறிக்கை வந்தது. நான்காவது லைன் கடைசி. அதுவும் இதுவரை இல்லாத அளவுக்கு மோசம். அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: நன்றி, இனி சந்தேகமே இல்லை, மூன்று மணிக்கு அந்த லைன் லீடரையும் வரச் சொல்லியிருக்கிறேன், நேரிலேயே சொல்லிவிடலாம்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் அகலத்துக்கு அந்தத் தூண் போதவில்லை. அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன தம்பி, கடன்காரனுக்கு ஒளிஞ்ச மாதிரி இங்க குந்தியிருக்க?"

"இல்லக்கா. காத்து நல்லா வருது."

"ஃபேன் அந்தப் பக்கம் லா." எதிரே உட்கார்ந்து ஐஸ் தேத்தண்ணியை உறிஞ்சினார். "மூணு மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. என்னவாம்?"

"சும்மா மீட்டிங்குதான்."

"சும்மா மீட்டிங்குக்கு ஏன் உன் மூஞ்சி அழுகின தக்காளி மாதிரி இருக்கு?"

நான் சோற்றைக் கிளறினேன். அவரே சொன்னார்: "எனக்கும் காதுல விழுந்துச்சு. லைன மூடப் போறாங்கன்னு. ஆனா பாரு, இந்த மாசம் எங்க லைனு எப்படிப் போச்சு தெரியுமா? புது அச்சு மாத்துனாங்கல்ல, அதுலருந்து ஒரே நம்பரு. கோடு போட்ட மாதிரி. நம்பர் அடிக்கவே வேலையில்ல. சாமா, சாமா, சாமான்னு அடிச்சு விட்டுக்கிட்டே இருந்தோம்."

"என்ன அடிச்சீங்க?"

"சாமா லா. மலாய்ல 'அதே'ன்னு. மேல உள்ள நம்பரே வந்தா சாமா."

கரண்டி தட்டில் விழுந்தது. அக்கா பயந்துவிட்டார். "என்னடா, மொளகாயா?"

மிளகாய் இல்லை. எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. என் நிரல் அந்த இடத்தில் எண்ணை எதிர்பார்க்கும். எழுத்து வந்தால் அதை வெற்றிடமாக மாற்றிவிடும். வெற்றிடத்தைத் தள்ளிவிட்டு மீதியைக் கணக்கில் எடுக்கும்படி நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு லைன் நிதானமாக ஓடினால் அதே எண் திரும்பத் திரும்ப வரும், அவையெல்லாம் சாமா, சாமா எல்லாம் குப்பையில். எண் மாறிய தருணங்கள் மட்டும்தான் என் நிரலின் கண்ணில் படும். லைன் எவ்வளவு நிதானமாக ஓடியதோ அவ்வளவுக்குத் தள்ளாடுவதாக அறிக்கை சொல்லும். இந்த மாதம் பாதிக்கு மேல் சாமா. அதனால்தான் "பாதி அளவுகளாவது மிஞ்ச வேண்டும்" என்ற அந்த ஜாகா எழுந்து நின்றான். அவன் சொல்ல வந்தது: நான்காவது லைனில் பாதிக்கு மேல் காணவில்லை, போய்ப் பார். என் வாய்க்கொழுப்பால் அவன் வாயில் வந்தது வேறு.

இதில் இன்னொரு அசிங்கமும் இருக்கிறது. நான் எழுதும் நிரல்மொழி தானாகவே மாதாமாதம் ஓர் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது: சில இடங்கள் எண்ணாக மாறாமல் வெற்றிடமாகிவிட்டன என்று. ஒவ்வொரு முறையும் வந்து தொல்லை செய்கிறதே என்று அதன் வாயையும் ஒரு வரி எழுதி அடைத்து வைத்திருந்தேன். கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. அதெல்லாம் குமாஸ்தா பார்க்கும் கிராணி வேலை, நான் நிரல் எழுதுகிறவன் என்று ஒரு திமிர்.

ஒரு மணிக்கு மேசைக்கு ஓடினேன். சாமா என்றிருந்தால் மேலே உள்ள எண்ணை எடுத்துக்கொள் என்று எழுதினேன். ஓட்டினேன். சிவப்பில் வந்தது:

"அப்பவே சொன்னேன்."

எப்பவே? யார் சொன்னது? என்ன சொன்னது? இரண்டு வருடத்துக்கு முந்தைய என் கழுத்தைப் பிடித்து நெரிக்க முடிந்திருந்தால் அன்று செய்திருப்பேன். இருபது நிமிடம் போராடிய பிறகு பார்த்தால், சில நாட்களில் முதல் வரியே சாமா. மேலே எண்ணே கிடையாது. எதற்குச் சாமா? அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்று நிரலைக் கொஞ்சம் மாற்றி ஓட்டினேன்.

"வீட்டுக்குப் போ."

போகத்தான் போகிறேன் என்று தோன்றியது. இது எல்லைச் சோதனை. குழாயின் தடிமன் இரண்டு புள்ளி பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கேயோ வெறும் இரண்டு வந்திருக்கிறது. எங்கே என்று ஜாகா சொல்ல மாட்டான். வரி வரியாக, விரலைத் திரையில் வைத்து, பள்ளிப் பிள்ளை போலப் படித்துக்கொண்டு போனேன். இரண்டு மணி பத்துக்குக் கிடைத்தது: "sama2". மலாயில் ஒரு சொல்லை இரட்டிப்பதற்குக் கைப்பேசியில் பக்கத்தில் 2 போடுவோமே, அந்த வழக்கம். நான் அன்று அவசரத்தில் சேர்த்த வரி எழுத்தை உதறிவிட்டு இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, அதையே தடிமன் என்று வைத்துக்கொண்டிருந்தது.

தலைக்கு நீல வலையை மாட்டிக்கொண்டு நான்காவது லைனுக்கு ஓடினேன். அக்கா கேஜைக் கையில் வைத்தபடி திரும்பினார்.

"அக்கா, காலையில முதல் வரியே சாமான்னு இருக்கு. எதுக்கு சாமா?"

"முந்தின ஷிஃப்டு கடைசி நம்பருக்கு. வேற எதுக்கு?"

"சாமா ரெண்டுன்னு இருக்கே, அது?"

அக்காவின் முகம் மாறியது. "அது அவ அடிக்கிறது. அந்தக் கடைசி நாற்காலி. எல்லாத்துக்கும் சாமா ரெண்டுன்னுதான் அடிப்பா, பழக்கம். அதுவும் சாமாதான், வேற ஒண்ணுமில்ல."

கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

"எங்க அவங்க?"

"இந்த மாசம் நடுவுலயே நின்னுட்டா. லைனு மூடப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சுல்ல. கடைசி வரைக்கும் காத்திருந்து தெருவுல நிக்கறதான்னு முந்திக்கிட்டா." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீ ஏன் இப்படி வேர்க்கற? இங்க ஏர்கோன் இருக்கு."

அந்தப் பேச்சு என் அறிக்கையிலிருந்து கிளம்பியது என்று சொல்ல வாய் வரவில்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிரல் முழுதாக ஓடி முடிந்தது. நான்காவது லைன் முதலிடம். ஆறு லைன்களிலும் அதுதான் மிக நிதானம். அச்செடுத்த தாளை மடித்துக்கொண்டு மீட்டிங் அறைக்குப் போனேன். மேனேஜர் மதியம் நான் அனுப்பிய தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கதவோரம், நாற்காலி நுனியில்.

நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். மேனேஜர் இரண்டு தாள்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். ஐந்து மாதம் ஒன்று சொன்னாய், மத்தியானமும் அதையே சொன்னாய், மூன்று மணி நேரத்தில் தலைகீழாக மாற்றுகிறாய், நான் எதை நம்புவது என்றார். நியாயமான கேள்வி. எழுதி வைத்த பதில் எங்கேயும் இல்லை. என் நிரல் ஓர் இடத்திலாவது தெளிவாக வாய் திறந்திருந்தால், இதோ பாருங்கள் என்று காட்டியிருக்கலாம்.

பழையதை இங்கேயே ஓட்டிக் காட்டு என்றார். தூக்கி வைத்த ஜாகாவைத் திரும்ப உட்கார வைத்து, சுவரில் விழும் பெரிய திரையில் ஓட்டினேன். ஒரு முழ உயரத்தில் அதே வாக்கியம் சிவப்பாக வந்தது.

மேனேஜர் அக்காவைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். அக்கா ஒரு தடவை வாய்க்குள் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது தெரிந்தது, அடக்கிக்கொண்டார்.

"தான் செத்துட்டதா சொல்றார், போஸ்" என்று மலாயில் சொன்னார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு பேருடைய வேலையை முடிவு செய்யும் நிரலில் இப்படியா எழுதுவாய் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

கோப்பைத் திறந்து காட்டினேன். திரை முழுக்க sama, sama, sama. நடுநடுவே sama2. அவர் கோப்பைக் கடைசி வரை உருட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், ஏன் எண்ணையே அடிக்கவில்லை என்றார்.

அக்கா நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "பேப்பர் ஃபாரம் இருந்தப்ப, அதே நம்பருன்னா கீழ ரெண்டு சின்னக் கோடு போடுவோம். கிராணி அதப் பாத்து நம்பரா மாத்தி அடிச்சுக்குவார். ஆறு மாசமா டேப்லெட்டு. அதுல அந்தக் கோடு இல்ல, கிராணியும் இல்ல. சாமா அடிச்சோம். தப்புன்னா யாராவது சொல்லியிருக்கலாம்ல? ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல." இதை மலாயில் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம் திரும்பச் சொன்னார். முதல் தடவையே எனக்குப் புரிந்திருந்தது.

இரண்டு வாரம் தவணை கிடைத்தது. ஆறு மாதக் கணக்கையும் புதிதாக ஓட்ட வேண்டும். நிரல் எங்கே நின்றாலும் ஏன் நின்றது என்பது லைன் லீடர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். அக்காவையே என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன்: "மதிப்பு எல்லை மீறியது."

"யாரோட மதிப்பு? எந்த எல்ல? நான் இதப் பாத்துட்டு என்ன செய்யணும், கும்பிடணுமா?"

"லைனு நம்பர் போடறேன்."

"நாளு?"

"போடறேன்."

"எத்தனாவது வரி, அதுல என்ன இருந்துச்சு, என்ன இருக்கணும். அதெல்லாம் சொல்லாம சும்மா கத்துனா அது ஜாகா இல்ல தம்பி, ஜாகா வளக்கற நாயி."

எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். இருபத்து மூன்று சோதனைகள். இருபத்து மூன்றிலும் என் நகைச்சுவையைச் சுரண்டி எடுத்தோம். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் அக்கா சத்தமாகப் படித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

லைன் நின்றது. அதாவது, மூடப்படாமல் நின்றது. அக்காவின் கான்ட்ராக்டும் மற்ற நான்கு பேருடையதும் புதுப்பிக்கப்பட்டன. எந்த லைனையும் இப்போதைக்கு மூடுவதில்லை என்று மேலிடம் சொன்னதாகக் கேள்வி. எதனால் என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை.

ஆறு மாதக் கோப்புகளைப் புதிய நிரலில் ஓட்டியபோது, எண் அல்லாத ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரி வந்தது. நாங்கள் இருவரும் சரிபார்த்துக்கொண்டே போனோம். லைன் 4, இந்த நாள், காலை ஷிஃப்ட், இத்தனையாவது வரி: எண் இருக்க வேண்டிய இடத்தில் "sama2" இருக்கிறது, இதற்கு முன் பதிவான எண் 2.10, அதுதானா என்று லைன் லீடரிடம் கேட்கவும்.

"அதுதான்" என்பார் அக்கா. அடுத்தது. "அதுதான்." அடுத்தது.

கடைசி மாதம் பதினோராம் தேதியோடு sama2 நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெறும் sama மட்டும். அக்கா "அதுதான்" சொல்லவில்லை. நானும் அடுத்த வரிக்குப் போகவில்லை.

"கூப்பிட்டுப் பாக்கலாமா? லைனு இன்னும் மூடலன்னு சொல்லலாம்ல?" என்றேன்.

"கூப்பிட்டேன் லா, மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே. சிம்பாங் அம்பாட்டுல ஒரு ஃபேக்டரில சேந்துட்டா. ரெண்டு பஸ் மாறிப் போறாளாம். வரமாட்டேன்னுட்டா. இங்க திரும்ப எப்ப மூடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்னு கேக்கறா."

"அவங்க நம்பர் குடுங்கக்கா. நான் பேசறேன்."

"பேசி?"

மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். எந்த நாள், எந்த வரி, என்ன இருந்தது, என்ன இருந்திருக்க வேண்டும்.

அக்கா தன் கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடி எடுத்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.